லண்டனில் கட்டுபடியாகும் ஃபிலிம்: கென்ட்மியர் பான் 400

லண்டனில் ஃபிலிம் கேமரா வாங்குவது இன்றும் எளிது. கார் பூட் சந்தையில் பழைய எஸ்.எல்.ஆர். ஒன்று மலிவாகக் கிடைத்துவிடும். அதற்குள் போடும் 36 படக் கலர் ரோலின் விலைதான் 10 பவுண்டை நெருங்கி நிற்கிறது. லேபில் கழுவி ஸ்கேன் செய்ய ஏறக்குறைய இன்னொரு 10 பவுண்டு. ஆக, ஷட்டரை ஒரு தடவை அழுத்தினால் அரை பவுண்டுக்கு மேல் போய்விடுகிறது. இப்படிக் கணக்குப் பார்த்தே பலர் கேமராவை அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். அதை அவர்கள் மறுபடி வெளியே எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இப்போதைக்கு நான் கை காட்டுவது கென்ட்மியர் பான் 400 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமை.

இது ஐந்தாறு பவுண்டில் கிடைக்கிறது. தயாரிப்பது செஷயர் மாவட்டம் மொபர்லியில் இருக்கும் ஹார்மன் டெக்னாலஜி. எச்.பி.5 பிளஸ் உள்ளிட்ட இல்ஃபோர்டு ஃபிலிம்களும் அதே ஆலையிலிருந்துதான் வருகின்றன. 1879-இல் ஆல்ஃபிரட் ஹார்மன் என்பவர் கிழக்கு லண்டனில், நம்மவர்கள் நிறைந்திருக்கும் அதே இல்ஃபோர்டில், கிரான்புரூக் சாலை வீட்டில் உலர் தகடுகள் செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில்தான் வளர்ந்து இல்ஃபோர்டு நிறுவனம் ஆனது. அங்கே ரோடன் தெருவில் இருந்த அதன் ஆலையை 1976-இல் மூடிவிட்டார்கள். கென்ட்மியர் முன்பு ஏரி மாவட்டத்தில் ஃபோட்டோ பேப்பர் செய்த தனி நிறுவனம். 2007-இல் ஹார்மனிடம் வந்தது.

படத்துக்கு வருவோம். ஐ.எஸ்.ஓ. 400 என்பதால் நவம்பர் மாதத்து மந்தமான பகலிலும் ஃபிளாஷ் இல்லாமல் சமாளிக்கலாம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் காய்கறிக் கடை வாசலில் நிற்பவர்களின் முகங்கள் நல்ல சாம்பல் நிறங்களோடு பதிகின்றன. எச்.பி.5 பிளஸ் அளவுக்கு நிழலுக்குள் விவரம் இல்லை. குருணை கொஞ்சம் கூடுதல். அதனால் இதை நான் 250 என்று அளந்து எடுக்கிறேன், நிழல்கள் தெளிகின்றன. 1600-க்குத் தள்ளினால் கறுப்பு அப்பிக்கொள்கிறது. இரவுப் படமே குறி என்றால் இன்னும் மூன்று பவுண்டு போட்டு எச்.பி.5 வாங்குங்கள்.

இன்னொரு குணம், பிரகாசமான விளக்கைச் சுற்றி ஒளி கசிந்து வளையமாக விழுவது. ஃபிலிமின் பின்பக்கம் வரை போன ஒளி திரும்பி வந்து மறுபடி பதிவதால் இது நேர்கிறது. இதைத் தடுக்கும் பூச்சு விலை கூடிய ஃபிலிம்களில் வலுவாக இருக்கும், இதில் அவ்வளவு இல்லை. பலர் இதைக் குறை என்பார்கள். ஆகஸ்ட் மாதம் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் வெளியே வரும்போது கற்பூரத் தட்டை நெருங்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சுடரின் விளிம்பு மென்மையாகக் கரைந்து, தட்டைப் பிடித்திருக்கும் விரல்கள் வரை வெளிச்சம் பரவியிருக்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கிறது.

செலவை இன்னும் குறைக்க 30.5 மீட்டர் சுருளாகவே வாங்கலாம். அதில் 36 படம் கொண்ட ரோல் 18 வரை தேறும். இதற்கு லோடர் என்ற பிளாஸ்டிக் பெட்டி வேண்டும், பழையதே போதும். சுருளை இருட்டுப் பைக்குள் கைவிட்டு அதில் ஏற்றிவிட்டால் மற்ற வேலை வெளிச்சத்திலேயே நடக்கும். ஃபிலிமின் நுனியைக் காலி கேசட்டின் அச்சில் டேப் போட்டு ஒட்டி, மூடி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒட்டும் நுனி வெளிச்சம் பட்டுவிடுவதால் ரோலின் கடைசிப் படத்தை நம்பாதீர்கள். ஒளி புகாமல் தடுக்கும் துணிப் பட்டையில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் ரோல் முழுக்கக் கீறல் ஓடும். அதை அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். கையால் நிரப்பிய கேசட்டில், ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. அளவைக் கேமராவுக்குச் சொல்லும் டி.எக்ஸ். குறி இருக்காது. தானியங்கிச் சிறு கேமராக்கள் பல அந்த ஃபிலிமை 100 என்றே எடுத்துக்கொள்ளும். அந்தக் குறி போட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது.

லேபுக்குக் கொடுக்காமல் வீட்டில் கழுவினால்தான் சேமிப்பு முழுமையாகும். 1 லிட்டர் ஐ.டி.-11 டெவலப்பர் கரைசலில், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், 10 ரோல் வரை கழுவலாம். ஒரு டாங்க், தெர்மாமீட்டர், ஃபிக்ஸர் இருந்தால் சமையலறைத் தொட்டியே போதும்.

இதைவிட மலிவு வேண்டும் என்பவர்களுக்குச் செக் நாட்டின் ஃபோமாபான் 400 இருக்கிறது. விலை பெரிதாகக் குறையவில்லை, நிழல் விவரம் இன்னும் குறைவு. நான் கென்ட்மியரிலேயே நிற்பேன். மலிவு என்று தேதி கடந்த கலர் ரோல்களை நம்பி வாங்காதீர்கள். எந்த வெப்பத்தில் கிடந்தவை என்று யாருக்கும் தெரியாது.

மலிவு ஃபிலிம் நம் ஊரிலும் இருந்தது. ஊட்டியில் 1960-இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தந்தது. அந்த ஆலை மூடப்பட்டது இன்றும் எனக்கு வருத்தம்தான். இங்கே ஓர் ஆலை இன்னமும் ஓடுகிறது. நாம் வாங்கும் ஒவ்வொரு ரோலும் அது ஓட உதவுகிறது.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ எடுத்துப் போவதானால் ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். கைப்பைகளைச் சோதிக்கும் புதிய சி.டி. ஸ்கேனர்களும் ஃபிலிமைக் கெடுக்கும். கைப்பையில் தனியாக வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் இரண்டு ரோல் வாங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் சுருளுக்கும் லோடருக்கும் செலவழிக்கலாம்.