தாங்குவது எந்தக் கம்பி?

பழைய பந்தய சைக்கிளின் பின்சக்கரம் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய ஹப், அலுமினிய ரிம், 36 கம்பிகள். சேகரிப்போர் முதலில் ஹப்பில் பொறித்த பெயரைப் பார்ப்பார்கள். பிறகு அச்சின் இருபுற நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையே அளப்பார்கள். 120 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் ஐந்து பல்சக்கரக் காலத்தது. 126 என்றால் அதற்குப் பிந்தியது. வயதை அறிய இது நல்ல வழிதான். ஆனால் அந்தச் சக்கரம் இன்று ஓர் ஆளைத் தாங்குமா? இதற்கு விடை தேடுவோர் யோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'தி பைசிக்கிள் வீல்' என்னும் நூலைப் படிக்க வேண்டும்.

மெல்லிய கம்பியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. ஆகவே ஹப் மேல் கம்பிகளில் தொங்குகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பிராண்ட் இதை மறுக்கிறார். கம்பிகள் எல்லாம் முன்பே இறுக்கப்பட்டவை. பாரம் ஏறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுவிசை குறைகிறது. மேல் கம்பிகளில் மாற்றம் மிகச் சிறிது. எனவே சக்கரம் கீழ்க் கம்பிகளின் மேல் 'நிற்கிறது' என்கிறார். நீங்களே சோதிக்கலாம். நண்பரைச் சைக்கிளில் அமர்த்தி, கீழ்க் கம்பியை நகத்தால் மீட்டுங்கள், சுருதி இறங்கும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அல்லவா? இழுவிசை 100 பங்கிலிருந்து 81 ஆனால், அதிர்வெண் 10 பங்கிலிருந்து 9 ஆகும்.

'நிற்கிறது' என்ற சொல்லில்தான் எனக்குக் குறை. கீழ்க் கம்பி அப்போதும் ஹப்பைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இழுப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவே. விசை வேறு, விசையின் மாற்றம் வேறு. இதை ஆசிரியர் இன்னும் நிதானமாகப் பிரித்துக் காட்டியிருந்தால் மாணவருக்கு வீண் குழப்பம் இராது.

பழைய ஹப்புகளை இனங்காட்டுவது இந்நூலின் வேலையன்று. எனினும் மதிப்பிடுவோருக்கு இதைவிட உதவும் நூலை நான் கண்டதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மீள்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் உலோகம் களைத்து, ஹப்பை ஒட்டிய வளைவில் முறியும். விலை பேசுமுன் கம்பிகளை வரிசையாக மீட்டிப் பாருங்கள். சங்கிலிப் பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டாம். அந்தப் பக்கம் இயல்பாகவே அதிக இறுக்கம் உடையது. ஒரே பக்கத்தில் சில கம்பிகள் மட்டும் மந்தமாக ஒலித்தும் சக்கரம் கோட்டமின்றிச் சுற்றுகிறதா? ரிம் வளைந்திருக்கிறது, கம்பிகள் அதை வலிந்து நேராக்கி வைத்திருக்கின்றன. அதற்கு ஹப்பின் விலையைக் கொடுக்கலாம், சக்கரத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

கம்பிகள் குறுக்கிடும் இடங்களைச் சுற்றிக் கட்டி ஈயப்பற்று வைத்த சக்கரங்களுக்குக் கூடுதல் விலை கேட்பதும் உண்டு. பிராண்ட் அளந்து பார்த்தார்; உறுதி கூடவில்லை.