பந்தும் கூலியும்

விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவானேன் என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்களுக்கு என் விடை சுருக்கமானது. நம் மாணவர்கள் சிறுகதையையும் கவிதையையும் படிப்பதைவிட மிகுதியாக விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகளைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், நம்பவும் நம்புகிறார்கள். பசறை, லுணுகலை, ஹாலிஎல தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் 'எனது எதிர்காலம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், ஆசிரியராவேன், தாதியாவேன் என்பவர்களுக்குச் சமமாக நாட்டுக்கு விளையாடுவேன் என்பவர்களும் இருக்கிறார்கள். இளைஞர் நெஞ்சில் இவ்வளவு இடம்பிடித்த ஒரு கதை வகையை விமர்சகன் கண்டுகொள்ளாமல் விடுவது பொறுப்பாகாது.

இவ்வகைக் கதைகளை ஒரே ஓர் அளவுகோலால் அளந்து பார்க்க விரும்புகிறேன். ஆட்டம் ஒரு தொழில்; ஆடுபவன் ஓர் உழைப்பாளி; அவன் உழைப்பில் யாருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதைக் கதை சொல்கிறதா, மறைக்கிறதா? இதற்கென இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சிக்காகோ நகரத்துக் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றியது. மற்றது நம் மலையகத்தோடு உறவுடைய ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றியது.

'ஹூப் டிரீம்ஸ்' என்பது 1994இல் ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கி வெளியிட்ட ஆவணப்படம். வளையக் கனவுகள் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்ற இரு கறுப்பினச் சிறுவர்களைப் பதினான்கு வயதுமுதல் பல்கலைக்கழக வாசல்வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த படம். தெருவோரத்து ஆடுகளத்தில் பந்தாடிக்கொண்டிருக்கும் ஆர்தரை ஒருவர் கண்டெடுக்கிறார். திறமையுள்ள சிறுவரைத் தேடிப் பிடித்துப் புறநகர்த் தனியார் பள்ளியொன்றில் சேர்த்துவிடுவது அவர் பணி. அந்தக் காட்சியைப் பார்த்த கணமே எனக்குக் கங்காணி நினைவுக்கு வந்தான். திருச்சிச் சீமையிலும் சேலத்திலும் ஊர் ஊராகப் போய், தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆள்கட்டியவன் அல்லவா அவன்? சிக்காகோக் கங்காணி மரியாதையாகப் பேசுகிறார், உணவு வாங்கித் தருகிறார், அடிப்பதில்லை. வேற்றுமை உண்டு, மறுக்கவில்லை.

பள்ளி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. மீதிப் பாதியைக் கட்ட வேண்டியது பெற்றோர். வில்லியம் நன்றாக ஆடுகிறான். அவனுக்குரிய மீதியைக் கட்டச் செல்வரொருவர் முன்வருகிறார். ஆர்தர் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. அவன் தந்தைக்கு வேலையும் போய்விடுகிறது. ஆண்டின் நடுவில் பையன் பள்ளியைவிட்டு வெளியேற்றப்படுகிறான். காரணம் கட்டணப் பாக்கி என்கிறார்கள். அவன் ஓர் அங்குலம் உயரமாக வளர்ந்து இன்னும் பத்துப் புள்ளிகள் எடுத்திருந்தால் அதே பாக்கி பாக்கியாகத் தெரிந்திருக்குமா என்பதைப் பார்ப்பவரே முடிவுசெய்யட்டும் என்று படம் விட்டுவிடுகிறது.

இதற்குப் பின் வருவதுதான் ஊவாவில் பிறந்த எவரும் எளிதில் கடக்க முடியாத கட்டம். நகரத்து அரசுப் பள்ளியில் சேர்ந்து படிக்கும் ஆர்தருக்குப் பழைய பள்ளியில் படித்த காலத்துப் பெறுபேற்றுச் சான்று தேவைப்படுகிறது. பாக்கியைக் கட்டும்வரை அதைத் தரமுடியாது என்கிறது பழைய பள்ளி. பெற்றோர் அலுவலகத்துக்குப் போய், கடனைத் தீர்க்க வழிசெய்துகொண்ட பிறகே அந்தக் கதவு திறக்கிறது.

நம் பாட்டன்மார் இதைத் 'துண்டு' என்றார்கள். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்கு அது பெயர். துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் சேர்க்காது. சேர்க்க விரும்பிய துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். ஆள் கைமாறும்; கடனும் கூடவே போகும். இலங்கையில் துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின் உலகின் செல்வம் மிக்க நாட்டில் ஒரு பையனின் படிப்பு ஏறத்தாழ அதே சீட்டால் பிணிக்கப்பட்டிருந்ததைப் படக்கருவி பதிவு செய்திருக்கிறது.

அப்படத்தில் ஆர்தரின் தாய் ஷீலா எனக்கு எல்லோரையும்விடப் பெரியவளாகத் தெரிகிறாள். வேலையில்லை, அரசு கொடுக்கும் உதவிப் பணத்தில் பிள்ளைகளை வளர்க்கிறாள். ஒரு கட்டத்தில் வீட்டு மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்படுகின்றன. அந்த நிலையில் அவள் தாதியுதவியாளர் பயிற்சிக்குப் போய், வகுப்பிலேயே மிகச் சிறந்த தேர்ச்சி பெறுகிறாள். பட்டம் வாங்கும் அறையில் கூட்டமில்லை, இசை முழக்கமில்லை, அவள் அழுகிறாள். மகனுடைய ஆட்டங்களுக்குக் கூடும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவர்கூட அங்கே இல்லை. இதை உரக்கச் சொல்லாமல் இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்த இயக்குநரின் கை கலைஞனின் கை. படத்தின் வருவாயில் இரு குடும்பங்களுக்கும் பங்கு கொடுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆவணப்பட உலகில் அது அருமையான வழக்கம்.

எனினும் படத்துக்கு ஒரு குறை உண்டு. பள்ளியைக் காட்டுகிறது, பயிற்றுநரைக் காட்டுகிறது, காலணிக் கம்பனி நடத்தும் கோடைக்கால முகாமில் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் வரிசையாக அமர்ந்து, சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் சிறுவர்களை அளப்பதையும் காட்டுகிறது. மேலே இருக்கும் முதலாளியைக் காட்டவில்லை. என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் அங்கே ஒரு சொர்க்கலோகம்போல் தூரத்தில் மின்னிக்கொண்டே இருக்கிறது. அச்சங்கத்தின் முப்பது அணிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 450 பேருக்குத்தான் இடம். வில்லியமும் போகவில்லை, ஆர்தரும் போகவில்லை. ஆனால் போனவர்கள் அங்கே எவ்வாறு கூலி பெறுகிறார்கள் என்ற வரலாற்றைப் படம் சொல்லியிருந்தால் கனவுக்கு ஓர் எலும்புக்கூடு கிடைத்திருக்கும்.

அந்த வரலாறு சொல்லத்தக்கது. ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தை 1954இல் பொப் கூசி என்ற வீரர் தொடங்கினார். பத்தாண்டுகள் முதலாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1964 ஜனவரி 14ஆம் நாள் பொஸ்டனில் நட்சத்திர வீரர்களின் ஆட்டம் முதன்முறையாக நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட இருந்தது. ஓய்வூதியத்துக்கு உறுதி தராதவரை களத்தில் இறங்கமாட்டோம் என்று இரு அணி வீரரும் உடைமாற்றும் அறைக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர். உறுதிமொழி வந்தது, ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. அக்காலத்தில் ஒப்பந்த காலம் முடிந்த பின்னரும் வீரன் பழைய முதலாளிக்கே உரியவன் என்ற நிபந்தனை இருந்தது. அதுவும் ஒரு துண்டுதான். சங்கத் தலைவர் ஒஸ்கார் ரொபேர்ட்ஸன் 1970இல் வழக்குத் தொடுத்தார். 1976இல் ஏற்பட்ட இணக்கத்தோடு அதன் பிடி தளர்ந்தது. கடைசியாக 2023இல் கையொப்பமான கூட்டு ஒப்பந்தத்தின்படி ஆட்டத் தொழிலின் வருவாயில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குச் சேரவேண்டும். 2024இல் அச்சங்கம் பதினோராண்டு ஒளிபரப்புரிமையை ஏறத்தாழ 76 பில்லியன் டொலருக்கு விற்றபோது அதில் பாதியளவு கூலியாகும் என்பதற்குக் காரணம், வீரர்களின் உயரமோ துள்ளலோ மட்டும் என்று எவரேனும் கூறினால் 1964ஆம் ஆண்டு மாலையை அவருக்கு நினைவூட்டலாம்.

இனி நம் பக்கத்துப் படம். எம். எஸ். ஸ்ரீபதி இயக்கி, மதுர் மிட்டல் நடித்து 2023 ஒக்டோபரில் வெளிவந்த '800' முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்வது. 2020இல் இப்படம் கிளப்பிய சர்ச்சை நினைவிருக்கும். முதலில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பால் விலகினார். விவாதம் முழுவதும் முரளிதரன் தமிழர் பக்கம் நின்றாரா இல்லையா என்பதாகவே இருந்தது. அக்கேள்வி தேவையற்றதென்று நான் கூறமாட்டேன். ஆனால் அவரை வாழ்த்தியோரும் வசைபாடியோரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டிருந்தனர்: அவருடைய உழைப்பின் பொருளாதாரத்தை இருசாராரும் கேட்கவில்லை. படமும் இனப்பகையின் வடுக்களையும், பந்தை எறிகிறார் என்று அவுஸ்திரேலிய நடுவர்கள் சுமத்திய பழியையும் உருக்கமாகச் சொல்லி, 2010 ஜூலையில் காலியில் விழுந்த 800ஆவது விக்கெட்டை நோக்கி நடக்கிறது. சந்தை அதன் கதைக்கு வெளியே நிற்கிறது.

முரளிதரனின் ஆற்றலிலோ பெருந்தன்மையிலோ குறை காண்பது என் நோக்கமன்று. ஆனால் நம் மேடைகளில் "லயத்திலிருந்து உலகுக்கு" என்று முழங்கும்போது நாம் இரண்டு படிகளை விழுங்கிவிடுகிறோம். அவருடைய பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். மகன் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். லயத்துக்கும் களத்துக்கும் நடுவே ஒரு தொழிற்சாலையும், மைதானமும் பயிற்றுநரும் உள்ள ஒரு கல்லூரியும் இருந்தன. சரிவில் வெட்டிய வாசலில் பந்து விழுந்தால் அடுத்த மலைவரை ஓட வேண்டிய தோட்டப் பாடசாலைப் பிள்ளையிடம் இதை மறைப்பது அன்பாகாது.

மறைந்த மற்றொன்று ஏலம். 2008 பெப்ரவரி 20ஆம் நாள் மும்பாயில் வீரர்கள் ஏலம் விடப்பட்டார்கள். 91 மில்லியன் டொலர் கொடுத்துச் சென்னை அணியை வாங்கியிருந்த சிமெந்துக் கம்பனி முரளிதரனை 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. 2011இல் கொச்சி அணி 11 இலட்சம் டொலருக்கு எடுத்தது; அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அந்த அணி இரத்தாயிற்று. இத்தொகைகளைக் கேட்டு மலைக்கும் மாணவனுக்கு நான் இன்னொரு கணக்கைக் காட்டுவதுண்டு. இந்திய பிரீமியர் லீக் 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்புரிமையை 48,390 கோடி இந்திய ரூபாய்க்கு விற்றது. ஆண்டுக்கு 9,678 கோடி. 2025ஆம் ஆண்டுக்குப் பத்து அணிகளும் வீரர்களை வாங்க வைத்திருந்த ஏலப்பணம் அணிக்கு 120 கோடியாக 1,200 கோடி. ஆட்டத்துக்கு ஆட்டம் கொடுக்கும் படி தனி. ஒளிபரப்பு வருவாயை மட்டும் வைத்துப் பார்த்தாலும் வீரர் பங்கு எட்டில் ஒன்றுக்குக் கிட்டத்தான் வருகிறது. அமெரிக்காவில் பாதி, இங்கே இவ்வளவு. இந்திய லீக்கின் வீரர்களுக்காக முதலாளிகளுடன் கூட்டு ஒப்பந்தம் செய்யும் தொழிற்சங்கம் கிடையாது. தனித்தனியே ஏலத்தில் நிற்பவர்கள் சேர்ந்து ஓர் அறைக்குள் அமர்வது கடினம்.

ஏலம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. கொழும்பில் தேயிலை ஏலம் 1883முதல் நடக்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணத்துக்கு அங்கே தனிவிலை உண்டு. அம்மணத்தைக் கொழுந்தோடு கிள்ளி எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு அந்தப் பருவத்திலும் அதே நாட்சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். அவளுக்கும் ஒரு கூட்டு ஒப்பந்தம் இருந்தது. சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாயை விதித்த 2021இல் பெருந்தோட்டக் கம்பனிகள் அதிலிருந்து விலகிக்கொண்டன. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது; 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாயும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் 200 ரூபாயும் என்று 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. வேண்டுவதைக் கேட்டுப் பெற்ற காலம்போய், அறிவிப்பைக் காத்திருந்து கேட்கும் காலமாயிற்று. பொஸ்டன் அறைக்குள் வீரர்கள் அமர்ந்ததற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1940இல், நமது ஊவாவின் வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவோடு கலந்து பேசித் தோட்டத்தை நடத்தத் துரையை இணங்க வைத்தார்கள். அதைப் படமாக்க ஒருவரும் வரவில்லை.

இரண்டு படங்களையும் பத்தாம் வகுப்புக்குக் காட்டினேன். '800' முடிந்ததும் கைதட்டினார்கள். மற்றதைப் பார்த்தபின் வகுப்பு சற்றுநேரம் பேசாமல் இருந்தது. பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் ஆடும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், அந்த அண்ணன் நல்லா விளையாடியிருந்தா அந்தக் காச யாராச்சும் கட்டியிருப்பாங்கதானே?"

"கட்டியிருப்பார்கள்" என்றேன்.

"அப்ப அது படிக்கிறதுக்குக் கொடுத்த காசு இல்லையே, சேர்."

அடுத்த வாரம் மறுபடியும் எதிர்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். முன்பு வலைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதியிருந்த அவள், இம்முறை தன் தாய்க்குக் கடந்த மாதம் விழுந்த முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, கையில் வந்த பணம் எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது.