முல்லை வாடவில்லை: கையறுநிலைப் பாடல்களில் இயற்கை

ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய ஆறடிப் பாடல், புறநானூற்றில் 242ஆவது. இறந்தவனுக்காக இயற்கையும் சேர்ந்து அழுகிறது என்பதுதான் அதற்கு வகுப்பறைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பாடலில் அப்படி எதுவுமே இல்லை. முல்லை வாடவில்லை, உதிரவில்லை, தலை கவிழவில்லை. பருவம் வந்ததும் பூத்து நிற்கிறது. புலவரால் தாங்க முடியாதது அதுதான். இத்தனை நடந்த பிறகும் உனக்குப் பூக்க மனம் வந்ததா என்று அந்தக் கொடியைப் பார்த்துக் கேட்கிறார்.

சாவையும் இயற்கையையும் சேர்த்துப் பேசும் நம் பழைய குறும்பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அவற்றில் இயற்கை துக்கம் காப்பதில்லை என்பது தெளிவாகத் தெரியும். நிலவு அதன் நாளில் எழுகிறது, ஆம்பல் அதன் குளத்தில் காய்க்கிறது. அறுந்து போவது மனிதருக்கும் இவற்றுக்கும் இடையே இருந்த அன்றாடப் புழக்கம். பூவைப் பறித்த கை, கரையைக் காத்த ஆள், தழையை உடுத்திய உடம்பு என்று ஒவ்வொரு புழக்கமாக எண்ணிக் காட்டுவதே இந்தப் புலவர்கள் அழும் முறை. புரிந்துகொள்ள வேண்டிய இடமும் அதுவே என்பது என் கருத்து.

இறந்தவருக்காக இரங்கும் இப்பாடல்களில் பலவற்றை இலக்கணம் கையறுநிலை என்ற துறையில் வைக்கிறது. தொல்காப்பியம் இதைக் காஞ்சித் திணைக்குள் சேர்க்கிறது. புறநானூற்றின் அடிக்குறிப்புகளோ பொதுவியலில் அடக்குகின்றன. மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவளின் நோன்புக்குத் தாபத நிலை என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தபோது முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை ஒன்றும் கிடைத்திருந்தது. இந்தக் கட்டுரையில் பேசப்படும் பாடல்கள் எல்லாம் அந்த எல்லைக்குள் இருப்பவை. பிற்காலத்தில் ஔவை சு. துரைசாமிப்பிள்ளையின் விரிவுரை வந்தது. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு, இவற்றைப் பாணர் மரபின் வாய்மொழிக் கவிதையாகப் பார்க்கச் சொன்னது. ஜார்ஜ் ஹார்ட் 1975இல் எழுதிய நூல், கைம்பெண்ணைச் சுற்றி அக்காலம் உணர்ந்த அச்சத்தை முன்னிறுத்தியது. அகமும் புறமும் ஒரே நிலக்காட்சியைப் பங்கிட்டுக் கொள்கின்றன என்று ஏ.கே.ராமானுஜன் காட்டினார். மூன்றும் பயன்படும். ஆனால் பாடலின் உள்ளே நடப்பதை அருகில் போய்ப் பார்க்காவிட்டால், மூன்றும் பாடலுக்கு வெளியே நின்றுவிடும்.

சாத்தன் பாடலுக்கே திரும்புவோம். முதலில் நான்கு மறுப்புகள் வருகின்றன. இளைஞர் பூச்சூடுவதில்லை, வளையணிந்த பெண்கள் பறிப்பதில்லை, பாணன் சூடுவதில்லை, பாடினி அணிவதில்லை. பழந்தமிழின் எதிர்மறை வினை காலம் காட்டாதது. இன்று சூடவில்லை என்பதும் இனி எப்போதும் சூடப்போவதில்லை என்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. யார் இறந்தது என்பதைப் புலவர் இன்னும் சொல்லவில்லை. கேட்பவருக்குத் தெரிவதெல்லாம் ஊரில் யாரும் பூவைத் தொடவில்லை என்பது மட்டும். ஐந்தாவது அடிக்கு வந்த பிறகுதான் சாத்தன் பெயர் வருகிறது. ஆறாவதில் கேள்வி கேட்டதோடு பாடல் முடிந்துவிடுகிறது.

மூவரின் மறுப்புகள் ஓரிரு சொற்களில் முடிகின்றன. பாணனுக்கு மட்டும் ஓர் அடிக்கு மேல் கிடைக்கிறது. அவன் பூப்பறிக்கும் விதம் சொல்லப்படுகிறது. எட்டாத கொடியைத் தன் யாழின் வளைந்த கோட்டால் பூ உதிராதபடி மெதுவாக வளைத்து இழுப்பான். பாடித் திரிபவன் கையில் எப்போதும் இருப்பது யாழ். பரிசில் பெறப் போகிற வழியில் முல்லையைக் கண்டால் அதுவே அவனுக்குத் துரட்டி. இசைக்கருவி ஒரு கணம் பூப்பறிக்கும் கோலாக மாறும் இந்தக் காட்சி இந்தப் பாடலுக்குத் தேவையா என்று கேட்கலாம். தேவை. புரவலன் உயிரோடிருந்த நாட்களின் மகிழ்ச்சி முழுவதும் அந்த ஓர் அசைவில்தான் பாடலுக்குள் வருகிறது. அதுவும் நடக்காத செயலாகவே வருகிறது. சாத்தனின் கொடையைப் பற்றிப் புலவர் வாய் திறக்கவில்லை. போரில் அவன் காட்டிய ஆண்மையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். கொடையைச் சொல்ல அந்த யாழ்க்கோடு போதும்.

இன்னொன்றும் உண்டு. அகப்பாடல்களில் முல்லை பூப்பது கார்காலத்தின் அறிகுறி. போருக்குப் போனவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் அது. அவனுக்காகத் தலைவி பொறுத்திருந்த காலம் முடிகிற நேரம். அந்தப் பாடல்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஒல்லையூர் முல்லை வேறு விதமாகவும் ஒலித்திருக்கும். பூ சொன்ன நேரத்தில் வந்துவிட்டது. வர வேண்டியவன் வரப்போவதில்லை. கீரத்தனார் இதை எண்ணித்தான் முல்லையைத் தேர்ந்தாரா என்பதற்குச் சான்று கேட்டால் காட்ட முடியாது. ஆனாலும் இந்தப் பொருளை ஒதுக்கிவிட்டு என்னால் இப்பாடலைப் படிக்க முடிவதில்லை.

பாரி மகளிர் பாடியதாக வரும் 112ஆம் பாடல் இதைவிடவும் சிறியது, ஐந்தே அடி. போன மாதத்து நிலவொளியில் தந்தையும் இருந்தார், குன்றும் கையில் இருந்தது. இந்த மாதத்து நிலவொளியில் இரண்டும் இல்லை. நிலவில் எந்த மாற்றமும் கிடையாது. இரண்டு தடவையும் அதே வெண்மை. பாடலின் வலி அடுக்கில் இருக்கிறது. முதற்பகுதியில் தந்தை முதலில் வருகிறார், குன்று பின்னால். இரண்டாம் பகுதியில் வரிசை திரும்பிவிடுகிறது: குன்று முன்னால், தந்தை கடைசியில். குன்று போனது வேந்தர்கள் செய்த செயலாகச் சொல்லப்படுகிறது. தந்தை போனது யாருடைய செயலாகவும் சொல்லப்படவில்லை; அவர் தங்களுக்கு இல்லை என்று மட்டும் அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். மேலே போரும் முரசும் இருக்க, கடைசிச் சொல்லில் வெறும் இன்மை.

இந்தப் பாடலுக்குள் பாரியின் பெயரும் இல்லை, அவன் ஆண்ட பறம்புக் குன்றின் பெயரும் இல்லை. தொகுத்தவர்கள் சேர்த்த அடிக்குறிப்பு இல்லையென்றால் யாருடைய மகள்கள், எந்தக் குன்று என்பது தெரியாமலே போயிருக்கும். அடிக்குறிப்பை மூடிவைத்துவிட்டு ஒரு தடவையும், சேர்த்து ஒரு தடவையும் படிப்பது நல்ல பழக்கம். முதல் தடவை தந்தையை இழந்த எந்தப் பெண்ணின் பாட்டாகவும் அது இருக்கும். இரண்டாம் தடவை அதற்குப் பின்னால் மூவேந்தரின் முற்றுகை வந்து நிற்கும்.

அதே குன்றைப் பற்றிப் பாரியின் நண்பரான கபிலர் 118ஆம் பாடலில் சொல்வது ஒரு சிறு குளம். எட்டாம் நாள் பிறைபோல வளைந்த கரை, தெளிந்த நீர். அது உடைகிறது. விளக்கம் அவ்வளவாகத் தேவைப்படாத பாடல் இது. ஏரிக்கரையை ஆண்டுதோறும் மண் போட்டு உயர்த்தும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, ஆள் இல்லாத இடத்தில் கரை என்ன ஆகும் என்பது தெரியும்.

ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாடலில் பேசுபவள் கணவனை இழந்தவள். அவள் இரங்குவது தன்னைப் பார்த்து அல்ல, குளத்து வெள்ளாம்பலைப் பார்த்து. இளமையில் அதன் இலை அவளுக்குத் தழையுடையாக இருந்தது. இப்போது வேளை தவறி உண்ணும் நோன்பு உணவுக்கு அதே செடி அரிசி தருகிறது. ஆம்பலின் காய் நீருக்கடியில் முற்றும். உள்ளே பொடிப்பொடியாக விதைகள் இருக்கும். அதுதான் அல்லி அரிசி. நெல்லரிசிச் சோற்றை விலக்கிய கைம்பெண்களின் உணவு அது. பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு 246ஆம் பாடலில் கைம்மை நோன்பின் வேளைக் கீரையையும் பருக்கைக்கல் படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அதைவிடத் தீயே மேல் என்று போகிறாள். மாசாத்தனாரின் பெண்ணிடம் அந்த ஆவேசம் இல்லை. அழகுக்கும் நோன்புக்கும் ஒரே குளத்துக்குப் போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவள் வருத்தம். செடி எதையும் அறியாமல் இரண்டுக்கும் உதவுகிறது. அதனால்தான் அதைப் பார்த்து இரங்குகிறாள். ஹார்ட் சொன்ன சடங்கு அச்சத்தைக் கொண்டு அந்த நோன்பு ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை விளக்கலாம். ஆம்பலிடம் அவள் காட்டும் பரிவுக்கு அந்த விளக்கம் எட்டாது.

பாடியவர் பெயர் தெரியாத 256ஆம் பாடல், ஈமத்தாழி செய்யும் குயவனிடம் ஒரு பெண் வைக்கும் வேண்டுகோள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு வெண்பல்லிபோல இறந்த கணவனோடு சுரம் பல கடந்து வந்தேன். தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்கிறாள். ஆதிச்சநல்லூரிலும் கொந்தகையிலும் எடுத்த முதுமக்கள் தாழிகளை அருங்காட்சியகங்களில் பார்த்தவர்களுக்கு, அவள் கேட்பது கைகளால் அளந்து செய்யக்கூடிய ஒரு பொருள் என்பது விளங்கும். பல்லி வண்டியை ஓட்டுவதில்லை, வழியைத் தேர்வதும் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இல்லற வாழ்வு முழுவதையும் அவள் அந்த ஒரே உவமையில் சொல்லிவிடுகிறாள்.

கைலாசபதி வலியுறுத்திய வாய்மொழி மரபை நினைத்துக்கொண்டு ஒப்பாரியைக் கேட்டால் இப்பாடல்கள் இன்னும் நெருங்கி வரும். ஒப்பாரியிலும் இறந்தவரின் பெருமையைச் சொல்லி முடித்ததும் பாட்டு கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் போகும். அவர் வைத்த மரமும் வளர்த்த மாடும் பெயர் சொல்லி அழைக்கப்படும். ஒப்பாரியைச் சேகரிப்பவர்கள் சொற்களோடு, பாடிய பெண் சுட்டிய மரம் எது, அதன் காயை யார் பறித்தார்கள், அந்த வீட்டில் அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். புறநானூற்றுப் பதிப்புகளும் அவலச்சுவை என்று ஒரு சொல்லில் முடிக்கும் இடத்தில், அல்லி அரிசியை எப்படி எடுத்தார்கள், யாழின் கோடு எப்படி வளைந்திருந்தது என்று நான்கு வரி எழுதினால் மாணவருக்குப் பாடல் திறந்துகொள்ளும்.