ஒத்துக்கொள்ளாத மாத்திரை

"இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல டாக்டர்." மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கிய மூன்றாம் நாளே இப்படி வந்து நிற்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்படாதீங்க, போகப் போகச் சரியாகிடும்." பலருக்கு அது உண்மையும்கூட. குமட்டலும் தூக்கமின்மையும் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடுவதுண்டு. தணியாதவரையும் அதே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்புவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு நாளுக்கு 10 மில்லிகிராம். இதைக் கல்லீரலில் சிதைக்கும் முக்கிய நொதி சிஒய்பி2சி19. அந்த நொதி வேலை செய்யாத உடலோடு பிறந்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பியரைவிட ஆசியரிடையே அதிகம். அவர்கள் விழுங்கும் அதே 10 மில்லிகிராம், மற்றவர்களைவிட அவர்கள் ரத்தத்தில் அதிகமாகத் தேங்குகிறது. இதே குடும்பத்து சிடாலோபிராமை இத்தகையோருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று, இதயத் துடிப்புச் சிக்கலைக் கருதி, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் அறிவுறுத்தியது. ஆக, 'ஒத்துக்கல' என்பது மனப்பிரமை என்று கேட்ட மாத்திரத்தில் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் எல்லோருக்கும் மரபணுச் சோதனையா? அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1,944 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், சோதனையால் கிடைத்த பலன் சிறியது. 24ஆம் வாரத்தில், சோதனையைப் பார்த்து மருந்து பெற்றோருக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செலவுக்கேற்ற பயன் என்று எனக்குத் தோன்றவில்லை.

குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றும் முறைக்கு அந்தச் செலவு கிடையாது. 5 மில்லிகிராம் மாத்திரை நம் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. ஆனால் இதற்கும் குறையுண்டு. தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஏற்ற மறந்த 5 மில்லிகிராமிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டு, 'மருந்து வேலை செய்யல' என்று கைவிடுபவர்களும் உண்டு. மறுவாரம் பார்த்து அளவை முடிவுசெய்ய ஆள் இல்லையென்றால் இந்த முறை அரைகுறை வைத்தியமாகிவிடும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. மருந்தால் வரும் உள்ளுக்குள் கொதிக்கும் அமைதியின்மை, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, நோய் முற்றியதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம். அப்போது அளவு கூட்டப்படும், தவிப்பும் கூடும். 25 வயதுக்கு உட்பட்டோரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் இம்மருந்துப் பெட்டிகளோடு வருவதை மறந்துவிடக் கூடாது. அந்தத் தவிப்பை அடக்கத் தூக்க மாத்திரையை மட்டும் சேர்த்துவிட்டு, காரணத்தைத் தேடாமல் விடுவது நல்ல பழக்கமல்ல.

முன்பே ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவருக்கும் முதியவருக்கும் 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் திரும்பப் பார்ப்பதே சரியான வழக்கம் என்பேன். நீங்கள் மருந்து எடுப்பவரானால், நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். எந்த நாளில் என்ன செய்தது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். தவிப்பு தாங்க முடியாமல் போனாலோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ மறு சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.