2–1 என்று முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்

2021 மார்ச் கடைசி வாரம். கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டால் பூட்டிக் கிடந்த மலேசியத் திரையரங்குகள் அந்த மாதத் தொடக்கத்தில்தான் மறுபடி திறந்திருந்தன. வாசலில் மைசெஜாத்ரா செயலியில் பதிவு, நெற்றிக்கு நேரே வெப்பமானி, முகத்தில் கவசம், உள்ளே இருக்கைக்கு இருக்கை இடைவெளி. அத்தனையையும் தாண்டிப்போய் உட்கார்ந்த செமினி ரசிகர் ஒருவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஓர் இருக்கை தள்ளி, பத்து வயது மகன்.

"யாருப்பா ஜெயிக்கும்?"

"பாரு, கடைசியில தெரிஞ்சிடும்."

படம் 'காட்ஸில்லா வெர்சஸ் காங்'. ஆடம் விங்கார்ட் இயக்கியது, 113 நிமிடம். வெளியே வந்ததும் மகன் அதே கேள்வியை மறுபடி கேட்டான். காஜாங் சாலையில் வண்டி செமினி வந்து சேரும்வரை அப்பாவால் ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. காட்ஸில்லா என்றார், பிறகு, அப்படியும் சொல்ல முடியாது என்றார், கடைசியில் ரெண்டுமே என்றார். அவருக்குப் படம் பிடித்திருந்தது. ஏமாந்துவிட்டோம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனதில் எப்படி என்று பார்க்க, கதையை ஓரமாக வைத்துவிட்டு இதை ஓர் ஆட்டமாகவே அலசலாம்.

எடை பார்ப்பு

குத்துச்சண்டைக்கு முன் இரு வீரர்களையும் தராசில் ஏற்றுவார்கள். இங்கே உயரம் பேசுகிறது. இந்தப் படத்தில் காட்ஸில்லா 393 அடி, காங் 337 அடி. நம்மூர்க் கணக்கில் சொன்னால், பத்துமலை முருகன் சிலை 140 அடி. காங்கின் இடுப்புக்குக்கூட எட்டாது. ஆனால் செமினிக்காரர்கள் விடியற்காலையில் ஏறும் புரோகா மலை சுமார் 400 மீட்டர். அதன் பக்கத்தில் நின்றால் காட்ஸில்லாவும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவுதான்.

காங் இந்த உயரத்துக்கு வந்த கதை தனி. 1933இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஏறியபோது அதற்கு 24 அடி. 2017இல் வந்த 'காங்: ஸ்கல் ஐலண்ட்' படத்தில் 104 அடி. அந்தக் கதை நடப்பது 1973இல். காங் இன்னும் வளரும் பிள்ளை என்று அங்கேயே ஒரு வசனத்தைப் போட்டு வழி செய்துகொண்டார்கள். அடுத்த படத்தில் மூன்று மடங்குக்கும் மேல். ஊக்கமருந்துச் சோதனைக் குழு ஒன்று இருந்தால் முதலில் காங்கைத்தான் கூப்பிட்டிருக்கும். வேறு வழியும் இல்லை. பழைய அளவில் விட்டிருந்தால் போட்டி மணி அடித்த நிமிடமே முடிந்திருக்கும்.

ஆயுதக் கணக்கில் காட்ஸில்லா முன்னே. வாயிலிருந்து பாயும் அணுக்கதிர், முதுகுச் செதில், வால். காங்கிடம் இரண்டு கை, பிடிமானம், மூளை.

சுற்று 1: டாஸ்மன் கடல்

சங்கிலியில் கட்டி, மயக்க மருந்தும் கொடுத்து கப்பலில் ஏற்றிச் செல்லப்படுகிறது காங். காட்ஸில்லா நீருக்கடியிலிருந்து வருகிறது. எதிராளியின் திடலில், எதிராளிக்குப் பழகிய நேரத்தில் ஆட்டம். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று காங் விட்ட அந்த ஒரு குத்து, உலகம் முழுக்க முன்னோட்டத்திலேயே பிரபலமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் ஆட்டம். காட்ஸில்லா காங்கைத் தண்ணீருக்குள் இழுத்துப் போனது. மனிதர்கள் ஆழ்கடல் வெடிகளைப் போட்டுப் பிரித்துவிட்டார்கள். அதன்பிறகும் இயந்திரங்களையெல்லாம் நிறுத்தி, செத்ததுபோல் நடித்துத்தான் கப்பல்கள் தப்பின. ஐயமே வேண்டாம். காட்ஸில்லா 1, காங் 0.

சுற்று 2, 3: ஹாங்காங்

படத்தின் உயிர் இங்கேதான். நியான் விளக்குகள் மின்னும் கோபுரங்களுக்கிடையே இரவுச் சண்டை. நீலமும் இளஞ்சிவப்புமாக வெளிச்சம் கொட்டுவதால் எந்த அடி எங்கே விழுந்தது என்று கடைசி வரிசைக்காரருக்கும் தெரிந்தது. அசுரப் படங்களில் இது சின்ன விஷயம் அல்ல.

காங் இந்தமுறை வெறுங்கையோடு வரவில்லை. பூமிக்குள் இருக்கும் உலகத்திலிருந்து ஒரு கோடாலியோடு வந்திருந்தது. காட்ஸில்லா இனத்தின் முதுகுச் செதிலால் ஆன கோடாலி. அணுக்கதிரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எதிராளியின் பலத்தையே எதிராளிமேல் திருப்பும் இந்த உத்தி சிலம்பத்தில் கம்பு வாங்குபவர்களுக்குப் புதிதல்ல. கட்டடங்களைக் கவசமாக்கி, மேலிருந்து பாய்ந்து, கதிர் ஏறிய கோடாலியை இறக்கியது காங். அந்தச் சுற்று காங்குக்கு. 1–1.

மூன்றாம் சுற்றில் காட்ஸில்லா ஆட்டமுறையை மாற்றியது. தூரத்திலிருந்து கதிர் விடுவதை விட்டுவிட்டு, நான்கு காலில் முதலையைப்போல் ஓடிவந்து நெருங்கிப் பிடித்தது. நகம், பல், எடை. காங்கின் தோள்மூட்டு விலகியது. கடைசியில் காங்கின் நெஞ்சில் காலை வைத்து முகத்துக்கு நேரே கர்ஜித்தது காட்ஸில்லா. கீழே கிடந்த காங்கும் திருப்பிக் கர்ஜித்தது. ஆனால் எழ முடியவில்லை. காட்ஸில்லா திரும்பி நடந்தது. காங்கின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது.

2–1. வெற்றியாளர் ஒருவர் நிச்சயம் உண்டு என்று படம் வருமுன் விங்கார்ட் சொன்ன வாக்கும் இந்த இடத்தில் காப்பாற்றப்பட்டது. செமினி ரசிகர் காங் பக்கம்தான். ஆனாலும் தோல்வி நியாயமானது என்று அவருக்குப் பட்டது. தொண்டை அடைத்தது. இப்படி அடைப்பதற்காகத்தானே மனிதன் காசு கொடுத்து ஆட்டம் பார்க்கிறான்?

மூன்றாவது ஆள்

அப்போது மலையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது மெக்காகாட்ஸில்லா. மனிதர் செய்த இரும்பு அசுரன். களைத்துப்போன காட்ஸில்லாவை அது துவைத்து எடுத்தது. காங்கின் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பினார்கள். தோள்மூட்டைக் கட்டடத்தில் மோதிச் சரிசெய்துகொண்டு காங் வந்தது. காட்ஸில்லா கோடாலிக்குக் கதிர் ஏற்றிக் கொடுத்தது. இரும்பின் தலை கழன்றது. பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். காங் கோடாலியைக் கீழே போட்டது. காட்ஸில்லா கடலுக்குத் திரும்பியது.

அரங்கில் கைதட்டல். மகன் குதித்தான். அப்பாவும் தட்டினார், தட்டிக்கொண்டே யோசித்தார். சற்று முன் தோற்றவன் இப்போது கோப்பையின் மறு கைப்பிடியைப் பிடித்து நிற்கிறான். முடிவு அறிவித்த ஆட்டத்தில் கூடுதல் நேரம் கொடுத்து, வேறொரு அணியை இறக்கி, இருவருக்கும் பதக்கம் மாட்டிய கதை இது.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1962இல் ஜப்பானின் டோஹோ நிறுவனம் 'கிங்காங் வெர்சஸ் காட்ஸில்லா'வை எடுத்தது. இயக்கம் இஷிரோ ஹோண்டா. ரப்பர் உடைக்குள் காட்ஸில்லாவாக ஹருவோ நகஜிமா, காங்காக ஷோய்ச்சி ஹிரோசே. ஜப்பானில் தொழில்முறைக் குஸ்தி வெறி உச்சத்தில் இருந்த காலம் அது. இருவரும் குஸ்திப் பிடிகளை வைத்தே சண்டையை அமைத்தார்கள். கடைசியில் இரண்டும் கட்டிப்பிடித்துக் கடலில் விழ, காங் மட்டும் நீந்திப் போகும். ஜப்பான் பிரதியில் காட்ஸில்லா ஜெயிக்கும், அமெரிக்கப் பிரதியில் காங் ஜெயிக்கும் என்றொரு வதந்தி பல பத்தாண்டுகள் உலாவியது. அது பொய், இரண்டிலும் நீந்திப் போவது காங்தான். ஆனால் வதந்தி அத்தனை நாள் உயிரோடு இருந்ததற்குக் காரணம் உண்டு. அவரவர் நாட்டில் அவரவர் ஆள் ஜெயித்திருக்க வேண்டும்.

மலாயாவில் ஒரு கிங்காங்

இந்த மண்ணில் 'கிங்காங்' என்ற பெயருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் பிறந்த எமில் சாயா என்ற மல்லர், அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு இந்தியாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மேடையேறினார். சுமார் 180 கிலோ உடம்பு. எதிரே தாராசிங்: 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்து, டிரம் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே குஸ்தி பழகி, கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைச் சாய்த்து மலாயா சாம்பியன் ஆனவர். 'கிங்காங் – தாராசிங் குஸ்தி' என்பது இங்குள்ள மூத்த தலைமுறைக்கும் தமிழ்நாட்டுத் தாத்தாக்களுக்கும் ஒரே மூச்சில் வரும் சொல். 1962இலேயே தாராசிங் நடித்த இந்திப் படம் ஒன்றும் 'கிங்காங்' என்ற பெயரில் வந்தது. மல்லர் கிங்காங் கார் விபத்தில் காயமடைந்து 1970இல் சிங்கப்பூரில் இறந்தார்.

அந்தக் குஸ்திகளிலும் முடிவு முன்பே பேசிவைத்தது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இருக்கட்டும். பேசிவைத்த ஆட்டமாகவே இருந்தாலும், கடைசியில் ஒருவரது தோள் தரையில் அழுந்தியே தீரும். தோற்பதாக நடிப்பதற்கும் ஒருவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். திரையில் அசுரர்களை மோதவிடும் நிறுவனங்களுக்கு அந்த ஒப்புதல்தான் கிடைப்பதில்லை. காட்ஸில்லா டோஹோவின் சொத்து. ஹாலிவுட் உரிமம் வாங்கித்தான் பயன்படுத்துகிறது. காங்கை வைத்தும் அடுத்த படம் உண்டு. நாளைக்கு டிக்கெட் விற்க வேண்டிய இருவரில் யாரை இன்றைக்குத் தரையில் படுக்க வைப்பது?

தமிழ் சினிமா இதை எப்போதோ பட்டுத் தெரிந்துகொண்டது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் 'கூண்டுக்கிளி'. 1954, இயக்கம் டி.ஆர்.ராமண்ணா. நண்பனின் மனைவிமேல் ஆசை வைக்கும் பாத்திரம் சிவாஜிக்கு, அந்த நண்பன் எம்.ஜி.ஆர். படம் ஓடவில்லை. இருவரும் மறுபடி சேரவும் இல்லை. ஒருவரைக் கெட்டவராக்கியதும் பாதி அரங்கு முகம் சுளித்துவிடுகிறது.

இதற்கு நேரெதிர் உதாரணம் ஷங்கரின் '2.0'. அதன் முந்தைய படமான 'எந்திர'னின் பாடல்கள் 2010இல் செமினிக்கு அதிகம் தூரமில்லாத புத்ராஜெயாவில்தான் வெளியிடப்பட்டன. 2018இல் வந்த '2.0'வின் இறுதிச் சண்டை கால்பந்து அரங்கத்திலேயே நடக்கிறது: கைப்பேசிகளால் ஆன ராட்சதப் பறவை ஒரு பக்கம், சிட்டி என்ற எந்திரன் மறுபக்கம். பறவையை இயக்கும் பட்சிராஜன் தோற்கிறார், ஒளிவுமறைவில்லாமல். பார்த்தவர்களின் இரக்கத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார். அவருக்கென்று காத்திருக்கும் தனிப் படம் எதுவும் இல்லாததால் தோற்க முடிந்தது.

ஏலியனும் பிரிடேட்டரும்

செமினி ரசிகருக்கு இந்தக் கசப்பு முதல் முறை அல்ல. 2004இல் பால் டபிள்யூ.எஸ்.ஆண்டர்சன் இயக்கிய 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்' வந்தபோதும் ஆசையோடு போய் அரை மனதோடு திரும்பியவர். 1990இல் 'பிரிடேட்டர் 2' படத்தில், வேட்டைக்காரனின் கோப்பை அலமாரியில் ஓர் ஏலியன் மண்டையோடு கண நேரம் தெரிந்தது. அதற்கு முன்பே இரண்டையும் மோதவிட்ட படக்கதைகள் வந்துவிட்டன. ஆக ரசிகர்கள் பதினான்கு வருடம் காத்திருந்தார்கள். கிடைத்தது அண்டார்டிகப் பனிக்கடியில் ஒரு பிரமிடு. பிரிடேட்டராக உடை அணிந்தவர் முன்னாள் கூடைப்பந்து வீரர் இயன் வைட், ஏழடி உயரம். உடல்வித்தையில் குறையில்லை. ஆனால் முந்தைய படங்கள் அத்தனையும் பெரியவர்களுக்கானவை. இதைப் பதின்வயதினரும் பார்க்கும்படி ரத்தத்தைக் குறைத்திருந்தார்கள். 2007இல் வந்த அடுத்த பாகம் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. காட்சிகள் இருட்டாக இருந்ததில் அந்த ரத்தம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதோடு ஒப்பிட்டால் ஹாங்காங் சண்டைக்கு அவர் தரும் மதிப்பெண் கூடுதல். வெளிச்சம் இருந்தது, அடி தெரிந்தது, உத்தி மாறியது. மனிதர்கள் வரும் காட்சிகள் மட்டும் ஆட்டத்துக்கு நடுவே வரும் விளம்பரம் மாதிரி. காங்கோடு சைகையில் பேசும் சிறுமி ஜியாவை அவர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேலி ஹாட்டில் என்ற செவித்திறனற்ற சிறுமி நடித்த அந்தப் பாத்திரம்தான் காங்கின் மூலையில் நின்ற ஒரே பயிற்சியாளர்.

2024இல் அடுத்த படம் வந்தபோது தலைப்பிலிருந்த 'வெர்சஸ்' போய்விட்டது. நடுவே ஒரு பெருக்கல் குறி. இனி இருவரும் ஜோடிக் குஸ்தி. காட்ஸில்லா ரோமாபுரியின் கொலோசியத்துக்குள் சுருண்டு தூங்கியது, காங்குக்குப் பல் வைத்தியம் நடந்தது, வசூல் உலகளவில் 50 கோடி டாலரைத் தாண்டியது. முந்தைய ஆண்டு ஜப்பானில் டகாஷி யமசாகி எடுத்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' அந்தப் படத்தின் செலவில் ஒரு சிறு பங்கிலேயே தயாராகி, காட்சி உத்திகளுக்கான ஆஸ்கரை வென்றது. அதில் எதிராளி அசுரன் யாரும் இல்லை. ஒரு காட்ஸில்லா, போரில் தோற்ற மனிதர்கள், அவ்வளவுதான். செமினி ரசிகர் அதைப் பார்த்து அழுதார். இரண்டு ராட்சதர்கள் கட்டிப்புரளும் படத்துக்கும் முதல் வாரமே டிக்கெட் எடுத்தார்.

மூன்றாவது படம் 2027 மார்ச் 26 என்று அறிவித்திருக்கிறார்கள். தலைப்பில் இன்னும் பெருக்கல் குறிதான். மகன் வளர்ந்துவிட்டான், இப்போது அவன் காட்ஸில்லா கட்சி. மாமாக் கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே அவன் அப்பாவிடம் சொல்வது ஒன்றுதான்: "அந்த இரும்பு வராம இருந்திருந்தா 2–1 பா. ஒத்துக்குங்க." அப்பா ஒத்துக்கொள்கிறார். ஆனால் தோள்மூட்டு விலகியபின் ஆடிய ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறார்.