‘பழைய கோட் அப்படியே ஓடும்’: ஓடத்தான் செய்தது

ஆர்டுயினோ ஊனோவை விட்டு ஈஎஸ்பி32-க்கு வாருங்கள் என்று அழைக்கும் காணொளிகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "பழைய கோட் அப்படியே ஓடும்." நானும் நம்பினேன். ஓடத்தான் செய்தது. பிரச்சினையே அதுதான்.

மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விட ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருந்தேன். மண்ணில் குத்திய ஈரப்பத சென்சார், ஒரு ரிலே, டிரம்முக்குள் ஒரு குட்டி பம்ப். சென்சார் காட்டும் எண் 800-ஐத் தாண்டினால் மண் காய்ந்துவிட்டது என்று பொருள், பம்ப் ஓடும். ஊனோவில் ரெண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. வைஃபை ஆசையில் போர்டை மட்டும் மாற்றினேன். கம்பைல் ஆனது, ஒரு எச்சரிக்கைகூட வரல. மறுநாள் காலையில் பார்த்தால் டிரம் காலி, தொட்டிகளில் தண்ணீர் தளும்புது, பம்ப் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிக் கிடக்குது.

காரணம் எளிது. ஊனோ அனலாக் பின்னை 10 பிட்டில் படிக்கும்: 0 முதல் 1023 வரை. ஈஎஸ்பி32 வழக்கமாக 12 பிட்டில் படிக்கும்: 0 முதல் 4095 வரை. ஈர மண்ணுக்கு முன்பு 350 வந்த இடத்தில் இப்போ 1400 பக்கம் வருது. என் 800-க்கு அர்த்தமே போய்விட்டது. ஃபங்ஷன் பெயர் அதேதான், அது தரும் எண்தான் வேறு.

இந்த மாதிரிப் பொறிகள் இன்னும் உண்டு. ஊனோவில் இன்ட் 2 பைட், இங்கே 4. பழைய அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் பதில் அனுப்பும். ஈஎஸ்பி32-இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. முதல் ஈஎஸ்பி32-இல் வைஃபை ஓடும்போது ஏடிசி2-ஐச் சேர்ந்த பின்களில் அனலாக் படிக்கவே முடியாது.

அப்படியானால் மாறக் கூடாதா? மாறலாம். ஆனால் காரணம் 16 மெகாஹெர்ட்ஸ் 240 ஆவது அல்ல. மண் மைக்ரோ செகண்டில் காய்வதில்லை. நினைவகம்தான் நியாயமான காரணம். ஊனோவின் ஏடிமெகா328பி-யில் ரேம் மொத்தமே 2 கிலோபைட். 128க்கு 64 புள்ளி கொண்ட ஒரு சின்ன ஓலெட் திரையின் படத்தை வைத்திருக்கவே 1024 பைட் வேணும். பாதி போச்சு! ஈஎஸ்பி32-இல் 520 கிலோபைட், ராஸ்பெரி பை பிக்கோவின் ஆர்பி2040-இல் 264. இந்த வித்தியாசம் நிஜமானது. அதேபோல, பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய வேலை என்றால், அனுப்பும் நேரத்தில் 200 மில்லி ஆம்பியரைத் தாண்டும் வைஃபைதான் உங்கள் எதிரி. அங்கே நான் இன்னும் பழைய சிப்பைத்தான் எடுப்பேன்.

என் குறை, ஏறும் எண்களை மட்டும் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் மேல்தான். வேகம், ரேம், விலை மூன்றும் இருக்கும். வோல்ட்டேஜ், அனலாக் அளவு, தூக்க நேர மின்சாரம் மூன்றும் இருக்காது. நம்மைக் கவிழ்ப்பது இந்தப் பின் மூன்றுதான்.

ரெசல்யூஷனை 10 பிட்டுக்குக் குறைக்க ஒரே வரி போதும். நான் அதைச் செய்யல. காய்ந்த மண், நனைந்த மண் இரண்டையும் புதிய போர்டில் திரும்ப அளந்து எல்லையை மாற்றினேன். கூடவே, என்ன எண் வந்தாலும் பம்ப் ஒரே மூச்சில் 20 நொடிக்கு மேல் ஓடக் கூடாது என்றும், அடுத்த முறைக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கணும் என்றும் சேர்த்தேன். நியாயமாகப் பார்த்தால் இதை ஊனோ காலத்திலேயே எழுதியிருக்கணும். ரெண்டு வருஷம் சரியாக ஓடியதால் என் கோட் சரி என்று நினைத்துவிட்டேன்.