மனந்திரும்பியவர் யார்? – ‘மிடில்மார்ச்’ நாவலில் வஞ்சகமும் மணவாழ்வும்

ஜார்ஜ் எலியட் (1819–1880) என்னும் புனைபெயரில் மேரி ஆன் எவன்ஸ் இயற்றிய ‘மிடில்மார்ச்’ நாவல், 1871 டிசம்பர் தொடங்கி 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. 1829 முதல் 1832 வரை இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு கற்பனை ஊரில் கதை நிகழ்கின்றது. டொரத்தியாவின் மணவாழ்வும், மருத்துவர் லிட்கேட்டின் மணவாழ்வுமே வாசகர் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பவை. நாம் இங்கு ஆராய முற்படுவது வங்கி முதலாளி நிக்கலஸ் புல்ஸ்ட்ரோடின் இரு திருமணங்களை. இறையியல் பயில்வோர் இவற்றைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும் என்பது நம் துணிபு. ஏனெனில் இங்கு வஞ்சகம் செய்பவர் நாள்தோறும் ஜெபிக்கின்ற மனிதர்.

இளமையில் லண்டனில் வங்கி எழுத்தராயிருந்த புல்ஸ்ட்ரோட், ஆங்கிலிக்கன் சபையைச் சேராத ஒரு கால்வினியச் சபையின் ஊக்கமுள்ள அங்கத்தினர். மிஷனெரி ஊழியத்திற்குச் செல்லும் எண்ணமும் அவருக்கு இருந்தது. அச்சபையின் பெருஞ்செல்வரான டங்கர்க் அவரைத் தம் தொழிலில் நம்பிக்கைக்குரிய கணக்கராக அமர்த்தினார். அது அடகுத் தொழில். எங்கிருந்து வந்தது என்று கேளாமல் பொருளை வாங்கியதாலேயே அதில் எளிதாக இலாபம் கிடைத்தது. டங்கர்க் இறந்தபின் அவர் மனைவி புல்ஸ்ட்ரோடை மணக்க விரும்பினார். ஆயினும் வீட்டை விட்டுப் போய்விட்ட தம் மகளை முதலில் கண்டுபிடிக்க எண்ணினார். மகள் இருக்குமிடம் தெரியவந்தது. அதை அறிந்தவர் இருவரே: புல்ஸ்ட்ரோடும், அவரிடம் பணம் பெற்று வாய் மூடிய ராபில்ஸ் என்பவனும். மகள் இனிக் கிடைக்கமாட்டாள் என நம்பிய தாய், சொத்தில் எதையும் தனக்கென ஒதுக்காமல் மணம் புரிந்தார், ஐந்தாண்டுகளில் காலமானார்.

அக்கால இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, தனி உடன்படிக்கை இல்லையாயின், மணமான பெண்ணின் பணமும் அசையும் பொருள்களும் கணவனுக்கே உரியவை. 1870, 1882 ஆம் ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டங்களே இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. ஆகவே புல்ஸ்ட்ரோட் எந்தப் பத்திரத்தையும் திருத்தவில்லை. எவருடைய கையெழுத்தையும் பொய்யாக இடவில்லை. ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவே. எஞ்சியதைத் திருமணமும் சட்டமும் செய்து முடித்தன.

இவரை வெறும் மாய்மாலக்காரர் என்று ஆசிரியை ஒதுக்கிவிடவில்லை. அவருடைய விசுவாசம் மெய்யானது. அவருடைய ஆசையும் மெய்யானது. கைக்கு வந்த பணத்தைத் தேவ நடத்துதலின் அடையாளமாக அவர் கொண்டார். தாம் சொத்துக்கு உடையவரல்லர், கர்த்தருடைய உக்கிராணக்காரர் மாத்திரமே என்றார். உலகத்தாரிடம் இருப்பதிலும் தம்மிடம் இருப்பதே ஊழியத்துக்கு நலம் என்று வாதித்தார். உக்கிராணத்துவம் என்னும் நல்ல உபதேசமே இங்கு பேராசைக்கு மேலாடையாகிவிடுகின்றது. அவர் ஜெபத்தில் பொய் உரைக்கவில்லை. தமக்கு வேண்டிய விடை கிடைக்கும்வரை ஜெபித்தார் என்றே சொல்லலாம்.

பல்லாண்டுகளுக்குப் பின் ராபில்ஸ் மிடில்மார்ச்சுக்கு வந்து மிரட்டிப் பணம் பறிக்கும்போது, அன்று மறைக்கப்பட்ட மகளின் மகனே வில் லாடிஸ்லா என்பது புல்ஸ்ட்ரோடுக்குத் தெரியவருகின்றது. அவர் அவ்விளைஞனைத் தனியே அழைத்து ஆண்டுக்கு 500 பவுண்டு அளிக்க முன்வருகின்றார். இங்கு சகேயுவை நினையாமல் இருக்க இயலாது. சகேயு எல்லாரும் அறியத் தன் அநியாயத்தை ஈடு செய்ய முன்வந்தான். புல்ஸ்ட்ரோடோ பூட்டிய அறையில், எவரும் அறியாமல், கடவுளோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ள விழைகின்றார். பணத்தின் மூலத்தை உணர்ந்த லாடிஸ்லா அதை ஏற்க மறுக்கின்றான்.

பின்னர் ராபில்ஸ் நோயுற்று அவருடைய பராமரிப்பில் கிடக்கின்றான். மதுவைத் தரலாகாது, அபினி மருந்தைக் குறித்த அளவுக்குமேல் கொடுக்கலாகாது என்பது லிட்கேட்டின் கட்டளை. மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வேலைக்காரப் பெண்ணிடம் சொல்ல மறந்த புல்ஸ்ட்ரோட், நினைவு வந்தபின்பும் சொல்லாதிருக்கின்றார். பிராந்தி கொடுக்கலாமா என்று அவள் கேட்கும்போது சாவியை எடுத்துக் கொடுக்கின்றார். நோயாளி இறக்கின்றான். முதல் திருமணத்தில் கண்ட அதே முறை இது: வாய் பேசாதிருந்தது, மற்றது தானே நடந்தது. ஆனால் ராபில்ஸ் சாவதற்கு முன்னமே வெளியிடத்தில் பேசிவிட்டிருந்தான். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் புல்ஸ்ட்ரோடின் மானம் போகின்றது.

இனி இரண்டாம் மனைவி ஹாரியட். நல்ல உடையும் ஊராரின் மதிப்பும் விரும்பிய, எளிய உள்ளமுடைய பெண்மணி அவர். கணவரின் கடந்தகாலத்தை அறியாதவர். தம் சகோதரர் வாயிலாகச் செய்தியறிந்ததும் அறைக்குட் சென்று கதவைப் பூட்டிக்கொள்கின்றார். பின்னர் ஆபரணங்களைக் கழற்றி, கறுப்பு உடையும் அலங்காரமற்ற தொப்பியும் அணிந்து, கணவரின் அருகே வந்து அமர்ந்து, தலை நிமிர்ந்து பார்க்கச் சொல்கின்றார். இருவரும் அழுகின்றனர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவர் ஒன்றும் மறுக்கவில்லை.

இக்காட்சியைக் கணவனுக்கு அடங்கிய மனைவியின் பொறுமை என்று மட்டும் விளக்குவது போதாது. அந்த ஆபரணங்கள் யாருடைய பணத்தால் வந்தவை? முதல் மனைவியின் உடைமையெல்லாம் கணவரிடம் சேர்ந்தது திருமணத்தினாலேயே. அதன் பயனை அறியாமல் துய்த்த இரண்டாம் மனைவி, அறிந்த நாளிலேயே தாமாகக் கழற்றி வைக்கின்றார். பாவம் செய்யாதவரே மனந்திரும்புதலின் உடையை அணிகின்றார். இந்நாவலில் புல்ஸ்ட்ரோடின் குற்றத்திற்காக எதையேனும் மனமார இழந்தவர் ஹாரியட் ஒருவரே.

ஆயினும் நாம் இங்கு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மனைவியின் அன்பு பாவமன்னிப்பு ஆகிவிடாது. வஞ்சிக்கப்பட்டவர் ஹாரியட் அல்லர். மகளைக் காணாமலே இறந்த தாயும், உரிமையிழந்த அம்மகளுமே. அவர்கள் இருவரும் உயிரோடில்லை. ராபில்ஸின் மரணத்தைக் குறித்த முழு உண்மையைப் புல்ஸ்ட்ரோட் மனைவியிடமும் அறிக்கையிடவில்லை. அதைக் கொலை என்று அவள் உள்ளத்தில் பெயரிட்டுவிடுவாளோ என அஞ்சுகின்றார். ஆகவே அவர் பெறுவது ஆறுதல், ஒப்புரவு அன்று. ஆசிரியை இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டாதது இந்நாவலின் நேர்மை.

எலியட் இளமையில் ஆழ்ந்த சுவிசேஷப் பற்றுடையவர். பின்னர் திருச்சபை நம்பிக்கையை விட்டு விலகியவர். ஸ்ட்ராஸின் இயேசு வரலாற்று நூலை 1846 இலும், ஃபாயர்பாக்கின் கிறிஸ்தவம் பற்றிய நூலை 1854 இலும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய முடிவுகள் பலவற்றை நாம் ஏற்கவியலாது. எனினும் ஜெபிக்கின்ற உள்ளத்தின் உள்ளறைகளை அவர் அறிந்த அளவு நம் பிரசங்கிகளுள் சிலரே அறிவர். ஆதாயம் வந்தபோது அதை ஆசீர்வாதம் என்று உடனே பெயரிடும் பழக்கம் நம் சபைகளில் இன்றும் உண்டு. அது யாருடைய கையிலிருந்து வந்தது, அவர் இப்போது எங்கே இருக்கின்றார் என்று கேட்பதும் போதக ஊழியத்தின் ஒரு பகுதியே என்பதை இந்நாவல் நமக்கு உணர்த்துகின்றது.